ஓர்ச்சாவில் குறைந்த இரண்டு நாள்

எங்கள் படத்துக்கு மொத்தம் 46 நாள் படப்பிடிப்பு. அதில் 24 நாள் மத்தியப் பிரதேசத்தில், ஓர்ச்சாவிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் என்று ஷெட்யூல் போட்டிருந்தோம். எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தபோது அங்கே எடுத்தது 21 நாள்தான். 23 நாள் எடுத்திருந்தால் அந்த மாநில அரசின் மானியத்துக்கு மனுப் போட்டிருக்கலாம். இரண்டு நாள் குறைந்ததில், தயாரிப்பாளர் பெரிதும் நம்பியிருந்த 1 கோடி ரூபாய் கையை விட்டுப் போனது. அந்தப் படத்தின் புரொடக்‌ஷன் மேனேஜர் நான்.

24 என்று போட்டு 21-ல் முடிந்ததே, அந்த மூன்று நாள் எங்கே போனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வெளி மாநிலத்தில் மானியம் கிடைக்கிறதாமே என்று கேட்டு இப்போது வாரத்துக்கு ஒருவராவது எனக்குப் போன் செய்கிறார்கள்.

முதலில் மானியம். மத்தியப் பிரதேசம் 2020-ல் திரைப்படச் சுற்றுலாக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது. நாங்கள் 2022-ல் போனபோது அதுதான் நடைமுறையில் இருந்தது. ஒரு தயாரிப்பாளர் அங்கே எடுக்கும் முதல் படம் என்றால், மொத்தப் படப்பிடிப்பு நாட்களில் பாதியாவது அந்த மாநிலத்தில் நடந்திருக்க வேண்டும். அப்படி நடந்தால் தயாரிப்புச் செலவில் 25 சதவீதம் அல்லது 1 கோடி, இரண்டில் எது குறைவோ அது கிடைக்கும். முக்கால்வாசி நாட்கள் அங்கேயே எடுத்தால் உச்சவரம்பு 1.5 கோடி. 2025-ல் புதிய கொள்கை வந்து உச்சவரம்பு 2 கோடி ஆகிவிட்டது. படத்துக்கு இணக்கமான மாநிலம் என்ற தேசிய விருதையும் 2017-க்கும் 2020-க்கும் அவர்கள் வாங்கியிருக்கிறார்கள். அந்த விருது சும்மா வந்ததில்லை. நான் பார்த்தவரையில் மாவட்ட அதிகாரிகள் போனை எடுத்துப் பேசினார்கள், வந்து பார்த்தார்கள்.

ஆனால் இந்தப் பணம் படம் எடுப்பதற்காகக் கையில் கொடுக்கிற பணம் இல்லை. எடுத்து, சென்சார் முடித்து, ரிலீஸ் செய்து, ஆடிட்டரிடம் சான்று வாங்கி, அப்புறம் மனுப் போட்டு வாங்க வேண்டியது. கோடம்பாக்கத்தில் மூணு வட்டிக்கு 1 கோடி வாங்கி, மானியம் வந்ததும் அடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் 3 லட்சம் வட்டி. 18 மாதம் ஆனால் வட்டி மட்டும் 54 லட்சம். வருகிற மானியத்தில் பாதிக்கு மேல் வட்டிக்கே போய்விடும். எங்கள் பட்ஜெட்டில் அந்த 1 கோடியை வரவுப் பக்கத்தில் எழுதியிருந்தோம். என் கையால்தான் எழுதினேன். இப்போதெல்லாம் எழுதுவதில்லை. மானியம் இல்லாமலே படம் முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.

முதல் நாள் போனது லாரியில். சென்னையிலிருந்து ஓர்ச்சாவுக்குச் சாலை வழியே 1,700 கிலோமீட்டருக்கு மேல். லைட்டுகள், ட்ராலி, ஜிம்மி என்கிற கேமரா கிரேன் எல்லாம் இரண்டு லாரியில் கிளம்பின. நாக்பூருக்கு முன்னால் ஒரு லாரிக்கு கியர்பாக்ஸ் போய்விட்டது. டிரைவர் கெட்டிக்காரர், இரவோடு இரவாக வேறு லாரி பிடித்துச் சரக்கை மாற்றி ஏற்றிவிட்டார். எனக்கும் போனில் சொன்னார். "சபாஷ் அண்ணே" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனேன். செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு வேலை: ஈ-வே பில்லின், அதாவது சரக்கோடு போகிற ஜிஎஸ்டி தாளின், பி பகுதியில் புது லாரியின் எண்ணை ஏற்ற வேண்டும். போனிலேயே ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியம். மகாராஷ்டிரத்தைத் தாண்டி மத்தியப் பிரதேசத்துக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்தில் வரி அதிகாரிகள் வண்டியை நிறுத்தினார்கள். தாளில் ஒரு எண், வண்டியில் வேறு எண். அவர்கள் செய்தது சரிதான். தாள்களைச் சரி செய்து வண்டியை எடுக்க முழு நாள் ஆனது. ஓர்ச்சாவில் 80 பேர் லைட் இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். வாடகைச் சாமான்தானே, விற்பனை இல்லையே என்று நினைக்காதீர்கள். 50,000 ரூபாய் மதிப்புக்கு மேல் எது போனாலும் டெலிவரி சலானும் ஈ-வே பில்லும் வேண்டும். டிரைவரோடு பேச ஒரு ஆள், போர்ட்டலைத் திறக்க ஒரு ஆள், இருவரும் பயணம் முடியும்வரை விழித்திருக்க வேண்டும்.

இரண்டாவது நாள் போனதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஓர்ச்சாவில் ராமராஜா கோயில் இருக்கிறது. அங்கே ராமர் சாமி மட்டுமில்லை, ஊருக்கே ராஜா. போலீஸ்காரர்கள் தினமும் அவருக்கு மரியாதை அணிவகுப்பு செய்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் அந்த ஊர் ராணி கணேஷ் குன்வரி அயோத்தியிலிருந்து இந்த ராமரைக் கொண்டுவந்தாராம். பூச நட்சத்திரத்தில் மட்டும்தான் நடப்பேன் என்று ராமர் நிபந்தனை போட்டாராம். ஆகவே ராணி பூசத்துக்குப் பூசம் மட்டும் நடந்து ஊர் வந்து சேர்ந்தார் என்று கதை. இந்தக் கதையை லொக்கேஷன் பார்க்கப் போனபோதே வழிகாட்டி ஒருவர் எனக்குச் சொன்னார். நன்றாக ரசித்துக் கேட்டேன். அதற்குள் என் ஷெட்யூலுக்கான தகவல் இருக்கிறது என்று உறைக்கவில்லை.

டிசம்பர் இரண்டாம் வாரம் ஒரு நாள், கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சந்தில் விடியற்காலைக் காட்சி. ஐந்து மணிக்கே போய் இறங்கினோம். தெரு கொள்ளாத ஜனம். டிராக்டரிலும் டெம்போவிலும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். என்ன விசேஷம் என்று யாரிடம் கேட்டாலும் "புக், புக்" என்கிறார்கள். எங்களுக்குப் புரியவில்லை. உதவி இயக்குநர் ஒருவர், கும்பகோணத்துப் பையன், போனில் காலண்டரைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, இன்னிக்குப் பூசம்ணே."

அவர்கள் 'புக்' என்றது பூசத்தைத்தான். 27 நாளுக்கு ஒருமுறை வருகிற பூசம். நம் வீட்டுத் தினசரிக் காலண்டரிலேயே போட்டிருக்கும். ராமர் நடந்து வந்த நட்சத்திரம் என்பதால் ஒவ்வொரு பூசத்துக்கும் பக்கத்து மாவட்டங்களிலிருந்து ஜனங்கள் ஓர்ச்சாவுக்கு வருகிறார்கள். அன்று ஒரு ஷாட்கூட வைக்க முடியவில்லை. வைக்கவும் கூடாது. சாமி பார்க்க வந்தவர்களைக் கயிறு கட்டி நிறுத்துகிற உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

அதே படத்தில் இன்னொரு பண்டிகையும் எங்களை இடித்தது. கார்த்திகையில் விவாக பஞ்சமி, ராமருக்கும் சீதைக்கும் கல்யாணம். நாங்கள் போய் இறங்கிய சில நாளில் அது. ஓர்ச்சா சின்ன ஊர், அறைகள் எண்ணிவிடலாம். எல்லாம் நிரம்பிவிட்டன. சரி, பக்கத்தில் ஜான்சி இருக்கிறதே, 20 கிலோமீட்டர்கூட இல்லை என்று பாதி யூனிட்டை அங்கே தங்க வைத்தேன். ரயிலிலிருந்து இறங்குவதும் அங்கேதான் என்பதால் வசதியாகத்தான் தோன்றியது. ஆனால் ஜான்சி உத்தரப் பிரதேசம்! ஓட்டல் பில்களைக் கொண்டுபோய் ஆடிட்டரிடம் வைத்தபோது அவர் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை மட்டும் பேனாவால் சுழித்துக்கொண்டே போனார். 09, 09, 09. "மத்தியப் பிரதேசம்னா 23-ல ஆரம்பிக்கணும் சார். இதெல்லாம் அந்த மாநிலத்துல பண்ணின செலவுன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" என்றார். அரிசி, காய்கறி, டீசல், டாக்சி என்று ஜான்சியில் வாங்கியது எல்லாமே 09. எல்லைப் பக்கத்து ஊரில் படம் எடுப்பவர்கள் இதை முதல் நாளே கவனிக்க வேண்டும். இப்போது என் கேஷியருக்கு ஒரே கட்டளை: பில் வாங்கும்போது தொகையைப் பார்ப்பதற்கு முன் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்.

மூன்றாவது நாளைப் பனி எடுத்துக்கொண்டது. ஒரே நாளில் இல்லை, துண்டு துண்டாக. டிசம்பர் மூன்றாம் வாரம் பேத்வா ஆற்றின் மேல் மூடுபனி இறங்கினால் பத்து மணி வரைக்கும் எதிர்க்கரையே தெரியாது. சூரியன் உதிப்பது ஏழு மணியை ஒட்டி, மறைவது ஐந்தரை வாக்கில். சென்னைக் கணக்கில் பகல் முழுக்க ஷூட்டிங் என்று எழுதிவிட்டுப் போனால், கையில் கிடைப்பது ஆறு மணி நேர வெளிச்சம். ரயிலும் பனியில் தாமதமாகும். வில்லன் நடிகர் வந்த ரயில் ஏழு மணி நேரம் லேட். டிசம்பர் 22-ஆம் தேதியோடு கதாநாயகனின் கால்ஷீட் முடிந்தது. மிச்சமிருந்த மூன்று நாள் காட்சிகளைச் சென்னையில் ஒரு ஃப்ளோரில் செட் போட்டு எடுத்தோம். 46-க்கு 21.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 24 நாள் என்று போட்டதே தப்பு. 23 வேண்டும் என்கிற இடத்தில் ஒரு நாள்தான் கூடுதலாக வைத்திருந்தோம். பாதி நாள் விதிக்கு ஐந்தாறு நாளாவது கூட வைக்க வேண்டும், இல்லையென்றால் மானியத்தை மறந்துவிட்டுப் படத்துக்கு எது நல்லதோ அதைச் செய்ய வேண்டும். நாங்கள் இரண்டுங்கெட்டானாக நின்றோம். மானியத்துக்காகவே, சென்னை அருகில் எடுத்திருக்கக்கூடிய நான்கு காட்சிகளை ஓர்ச்சாவுக்கு நகர்த்தினோம். அந்தக் காட்சிகளுக்குத்தான் கடைசியில் நேரம் போதாமல் போனது.

அனுமதிகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒற்றைச் சாளர முறை உண்டு, மாவட்டத்தில் அதற்கென்று ஒரு அதிகாரியும் உண்டு. ஆனால் அந்தச் சாளரம் மாநில அரசின் கையில் உள்ளதற்குத்தான். பழைய கோட்டை, கோயில் என்றால் முதல் கேள்வி, அது யார் பொறுப்பில் இருக்கிறது என்பதுதான். மத்தியத் தொல்லியல் துறையின் சின்னம் என்றால் அவர்களிடம் தனியாக உரிமம் வாங்க வேண்டும். அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கிடையாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதியோடுதான். எங்கள் கலை இயக்குநர் ஆசைப்பட்ட மண்டபத்தை இந்த விதியால் கைவிட்டோம். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் காடு சரணாலயம், அதற்கு வனத்துறை. குவாலியர் பக்கம் போனால் விமானப்படைத் தளம் இருப்பதால் டிரோன் எடுப்பதற்கு முன், அது எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

குழந்தை நடிகர்கள் இருந்தால் படப்பிடிப்பு நடக்கிற மாவட்டத்தின் கலெக்டரிடம் அனுமதி வேண்டும், சென்னையில் வாங்கியது அங்கே செல்லாது. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு, சம்பளத்தில் 20 சதவீதமாவது குழந்தை பெயரில் வங்கி டெபாசிட். இதைத் தொந்தரவாக நினைக்கிற மேனேஜர்களைப் பார்த்திருக்கிறேன். என் பெண்ணுக்கும் எட்டு வயது. அந்த விதியை எழுதியவர்களுக்கு நான் நன்றி சொல்வேன்.

மாடு, குதிரை விஷயத்தில் அவசரமே கூடாது. கிராமத்தில் நிற்கிற வண்டி மாட்டைப் பார்த்து "அண்ணே, ஒரு ஷாட்டுக்கு ஓட்டிட்டு வரச் சொல்லுங்க" என்று இயக்குநர் கேட்பார். முடியாது. விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும், கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும், முடிந்ததும் தடையின்மைச் சான்று இல்லாமல் சென்சார் நகராது. முன்பு அந்த வாரியம் திருவான்மியூரில் இருந்தது, நேரில் போய் நிற்கலாம். 2018-ல் ஹரியானாவுக்குப் போய்விட்டது. இரண்டு மாதம் முன்பே மனுப் போடுங்கள்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. படத்தில் கதாநாயகியின் வீடாக வருவது ஓர்ச்சாவிலிருந்து சில கிலோமீட்டரில் ஒரு கிராமத்து வீடு. மண் சுவர், ஓட்டுக் கூரை, நடுவில் முற்றம். வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். அம்மாஜி என்று கூப்பிடுவோம். தினமும் விடிவதற்கு முன் முற்றம் முழுக்கச் சாணி மெழுகி, ஓரத்தில் விரல் மூன்றை வைத்து வளைவு வளைவாகக் கோடு இழுப்பார். நாங்கள் போன முதல் நாள் லைட் ஸ்டாண்டுகளை இழுத்துப் போட்டதில் மெழுகியது எல்லாம் பெயர்ந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் திரும்ப மெழுகிக்கொண்டிருந்தார். அது காயும் வரை நாங்கள் ஒரு மணி நேரம் வெளியே நின்றோம். அந்த வளைவுக் கோடுகள் முதல் நாள் காட்சியில் இல்லை, கன்டினியூட்டி இடிக்கும் என்று உதவி இயக்குநர் பதறினார். கேமராமேன் பார்த்துவிட்டு, இந்தத் தரைதான் வேண்டும், நேற்று எடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார். அதற்கப்புறம் ஸ்டாண்டுகளின் காலுக்கெல்லாம் சாக்குத் துணி சுற்றினோம். மாலை நாலரைக்கு எருமை கறக்கும் நேரம். அந்த அரை மணி ஷாட் கிடையாது, டீ பிரேக். அந்தப் பாலில்தான் டீ.

அவர் லைட்மேன்களை "பேட்டா, பேட்டா" என்று கூப்பிடுவார். மகனே என்று அர்த்தம். நம் ஆட்களோ தினப்படியை யாரோ கொடுக்க வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். நாலு நாளில் எல்லாரும் பழகிவிட்டார்கள். பேக்கப் ஆனதும் அம்மாஜியிடம் சொல்லிக்கொள்ளாமல் யாரும் வண்டி ஏறவில்லை.

வாடகை விஷயத்தில் ஒரு தப்பு செய்தோம். உள்ளூர் ஆள் ஒருவர் மூலம் மொத்தமாகப் பணம் கொடுத்தோம். பத்தாம் நாள் பேச்சுவாக்கில் கேட்டபோதுதான் அம்மாஜி கைக்கு வந்தது பாதிகூட இல்லை என்று தெரிந்தது. மிச்சத்தை நாங்களே கொடுத்தோம், ஆனால் அந்த பத்து நாளும் அவர் எங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார்? இப்போது வீட்டுக்காரரோடு நேரடியாக, இந்தியில் ஒரு பக்க ஒப்பந்தம். எத்தனை நாள், எவ்வளவு, எதைத் தொடுவோம், போகும்போது எதைத் திரும்பச் செய்து கொடுப்போம் என்று எழுதி, அவர் வீட்டில் படிக்கத் தெரிந்தவரை வாசிக்கச் சொல்லி, பணத்தை வங்கிக் கணக்கில் போடுகிறோம். மானியக் கோப்புக்கும் அது நல்ல ஆதாரம். மத்தியப் பிரதேசத்தில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் கிராமத்தில் இருக்கிறார்கள். எங்கே கேமராவை வைத்தாலும் அது யாரோ ஒருவரின் களத்து மேடாகவோ வாசலாகவோதான் இருக்கும்.

சாப்பாடு: பொன்னி அரிசி, கிரைண்டர், மெஸ் மாஸ்டர் மூன்றும் லாரியில் போக வேண்டும். காலையில் போஹாவும் ஜிலேபியும் ஒரு வாரம் ருசிக்கும், எட்டாம் நாள் இட்லி கேட்பார்கள்.

2024-ல் வேறு ஒரு தயாரிப்பாளருக்காக மறுபடி அந்த மாநிலத்துக்கே போனேன், இந்த முறை மகேஷ்வர். நர்மதைக் கரை, அகில்யாபாய் ஆண்ட ஊர், இந்தூரிலிருந்து 90 கிலோமீட்டர் வாக்கில். 2021-ல் 'பொன்னியின் செல்வன்' யூனிட் வந்துபோனதால் தமிழ்ப் படம் என்றாலே ஊர்க்காரர்களுக்கு ஒரு நெருக்கம். மொத்தம் 38 நாள், அதில் 30 நாள் அங்கேயே. கிளம்புவதற்கு முன் பஞ்சாங்கத்தையும் மாவட்டத் திருவிழாப் பட்டியலையும் வைத்துக்கொண்டு ஷெட்யூல் போட்டோம். ஆற்றைத்தான் கணக்கில் வைக்கவில்லை. மேலே அணையில் தண்ணீர் திறந்தால் படித்துறையில் மட்டம் மாறுகிறது. காலையில் ஏழு படி தெரிந்த இடத்தில் மாலையில் ஐந்து. ஒரு படகோட்டி சொல்லித்தான் தெரிந்துகொண்டோம், அதற்கப்புறம் படித்துறைக் காட்சிகளை அவரைக் கேட்டுத்தான் வைத்தோம். அவருக்கு யூனிட்டில் ஒரு ஆள் மாதிரியே தினச் சம்பளம் போட்டோம்.

ஒவ்வொரு நாள் பேக்கப்பிலும் அன்று எங்கே, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை எடுத்தோம் என்று ஒரு தாளில் எழுதி, அந்த இடத்துப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கினோம். வாரக் கடைசியில் மொத்தமாக மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து எழுத்தில் பெற்றுக்கொண்டோம். 30 நாளுக்கு 30 தாள். பில்கள் தனிப் பெட்டியில், ஜிஎஸ்டி எண் 23-ல் ஆரம்பிப்பவை மட்டும். படம் வெளியாகி, மனுப் போட்டாயிற்று, கோப்பு நடந்துகொண்டிருக்கிறது. தயாரிப்பாளரின் கணக்கில் அந்தப் பணம் எங்கேயும் எழுதப்படவில்லை, வந்தால் அடுத்த படத்துக்கு அட்வான்ஸ்.

ஓர்ச்சாவில் அம்மாஜியின் பேரன் இப்போது வெளியூர் யூனிட்டுகளுக்கு உள்ளூர் வேலைகளைப் பார்த்துக் கொடுக்கிறான். எந்த வீட்டில் எப்போது கல்யாணம், எந்த வாரம் அறை கிடைக்காது, எந்தச் சந்தில் ஜெனரேட்டர் வண்டி திரும்பும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். போன டிசம்பரில் ஒரு நாள் காலை பேத்வா கரையிலிருந்து எனக்கு ஒரு போட்டோ அனுப்பினான். முழுக்க வெள்ளை, ஓரத்தில் ஒரு படகின் நுனி மட்டும். கீழே நேரம் போட்டிருந்தான்: 9.40.